நாலு விரற்கடை

அப்பத்தாவுக்கு ஏசி ஆகாது. போட்ட ஐந்தாவது நிமிடம் முழங்காலைத் தடவ ஆரம்பித்துவிடுவார். கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டாலும் ஆகாது. காது அடைக்கிறது என்று முந்தானையை இழுத்து இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வார். அவருக்கென்று ஓர் அளவு இருக்கிறது. "நாலு வெரக்கடை எறக்கு ஆத்தா, அது போதும்." பின்சீட்டின் இடது ஓரம், கண்ணாடி மேல்விளிம்பிலிருந்து நாலு விரல் கீழே. அந்தச் சந்தில் வருகிற காற்றுக்கு முகத்தைக் கொடுத்தபடி குன்றக்குடி அடிவாரம் வரைக்கும் பேசாமல் வருவார்.

இந்த ஐப்பசியில் கந்த சஷ்டிக்காக நாச்சியாபுரம் போனபோது அந்தக் கண்ணாடிதான் கெட்டுக் கிடந்தது. இறங்குகிறது, ஏற மாட்டேன் என்கிறது. நாலு விரல் இறக்கினால் அது அப்படியே நிற்கும். பத்து நாள் முன்னால் பெய்த மழையில் பின்சீட்டு ஊறிப்போய், அப்பா பாலித்தீன் பையை வெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தார். அதற்கும் முன்னாலேயே ஒரு பட்டறையில் காட்டி மோட்டார் மாற்றியாகிவிட்டது. புது மோட்டார் போட்டபின் எட்டு நாள் ஏறி இறங்கியது. அப்புறம் பழைய கதை.

"வித்துடலாம்னு பாக்குறேன்" என்றார் அப்பா. 2001இல் வாங்கிய கார். பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி.யும் புதுப்பித்தாகிவிட்டது. இன்ஜின் இன்னும் ஒரே சாவியில் பிடிக்கிறது. இப்படி ஒரு காரை ஒரு கண்ணாடிக்காகக் கொடுப்பதா? எனக்கு மனசு கேட்கவில்லை. "ரெண்டு நாள் குடுங்கப்பா, நான் பாக்குறேன்" என்றேன்.

எந்தக் கம்பெனி கார் என்பது இங்கே தேவையில்லை. பவர் விண்டோ உள்ள, இருபது வயதைத் தாண்டிய எந்தக் காரிலும் இது வரலாம். தெரிந்தவர்களுக்குச் சின்ன விஷயம்தான். தெரியாதவர்கள் எத்தனையோ பேர் நல்ல மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

பொத்தானை அமுக்கிக் கண்ணாடி ஏற்றுவது அமெரிக்காவில் 1940களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. பாக்கார்ட் கார்களில் அது ஹைட்ராலிக், எண்ணெய் அழுத்தத்தில் ஏறி இறங்கும். மின்மோட்டார் பிறகு வந்து நிலைத்தது. நம் ஊரில் அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில் பெரும்பாலும் கையால் சுற்றும் ஹேண்டில்தான். தொண்ணூறுகளின் பிற்பாதியில் நடுத்தரக் குடும்பம் வாங்கும் கார்களிலும் பவர் விண்டோ வந்தது. அதிலும் பல கார்களில் முன்கதவு இரண்டுக்கு மட்டும். நாலு கதவிலும் என்றால் விலை கூடின மாடல். அந்தத் தலைமுறைக் கார்களின் கதவு ஒயர்கள் எல்லாம் இப்போது ஏறக்குறைய ஒரே நேரத்தில் மூப்படைந்துகொண்டிருக்கின்றன.

முதல் நாள் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. காதால் பார்த்தேன், கண்ணால் கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பவர் விண்டோ வேலை செய்யவில்லை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதில் மூன்று விதம் உண்டு. சுவிட்சை அமுக்கினால் கதவுக்குள் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, கண்ணாடி அசையவில்லை என்றால் மோட்டார் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கண்ணாடியைத் தூக்கும் மெஷினில் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கண்ணாடியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கும். சத்தமே இல்லை என்றால் காரின் உள்விளக்கைப் போட்டுவிட்டு மறுபடி அமுக்கிப் பாருங்கள். அமுக்கும்போது விளக்கு லேசாக மங்கினால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது, ஆனால் சுற்ற முடியாமல் இறுகி நிற்கிறது. விளக்கு மங்கவே இல்லையா, மோட்டார் வழியாகக் கரண்ட் ஓடவில்லை. கதவைத் திறக்காமலேயே பாதி விடை கிடைத்துவிடும். இருட்டினபிறகு கொட்டகையில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அன்று சாயங்காலம் அப்பா பின்சீட்டில், நான் ஓட்டுநர் சீட்டில். பின்கதவுச் சுவிட்சில் அப்பா இறக்கினார்: விளக்கு ஒரு கணம் மங்கியது, கண்ணாடி சரசரவென்று இறங்கியது. ஏற்றினார்: விளக்கில் அசைவே இல்லை. நான் ஓட்டுநர் பக்கத்து நாலு பொத்தான் சுவிட்சில் அதே கண்ணாடிக்கான பொத்தானை அமுக்கினேன். ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. விளக்கு சலனமில்லாமல் எரிந்தது. குழந்தைகளுக்காக வைத்திருக்கும் லாக் பொத்தான் அமுங்கியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. (இதை முதலில் பார்த்துவிட வேண்டும். அந்தப் பொத்தான் தெரியாமல் அமுங்கிப் பட்டறை வரைக்கும் போன கார்கள் உண்டு.) மற்ற மூன்று கண்ணாடியும் ஓடுவதால் பொது ஃபியூஸ் நன்றாகத்தான் இருக்கிறது.

பின்னால் இறங்குகிறது, ஏறவில்லை. முன்னால் இரண்டும் இல்லை. இந்த இரண்டு வரியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ராத்திரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பவர் விண்டோ மோட்டாருக்கு இரண்டே ஒயர். ஒன்றில் பாசிட்டிவும் மற்றதில் எர்த்தும் கொடுத்தால் ஏறும், மாற்றிக் கொடுத்தால் இறங்கும். யாரும் சுவிட்சைத் தொடாத நேரத்தில் இரண்டு ஒயருமே எர்த்தில்தான் கிடக்கும். ஒரு பக்கம் அமுக்கினால் அந்த ஒயர் மட்டும் எர்த்தை விட்டுப் பாசிட்டிவுக்குத் தாவும். மற்றது இருந்த இடத்திலேயே இருந்து கரண்டைத் திருப்பி அனுப்பும்.

எங்கள் கார் மாதிரிப் பழைய கார்களில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பின்கதவுச் சுவிட்ச் அங்கேயே பக்கத்தில் எர்த்தைத் தொடுவதில்லை. அதிலிருந்து இரண்டு ஒயர் கிளம்பி, தரைவிரிப்புக்கு அடியில் ஓடி, ஓட்டுநர் கதவுக்குள் நுழைந்து, அந்த நாலு பொத்தான் சுவிட்சுக்குள் இருக்கும் கான்டாக்ட் வழியாகத்தான் எர்த்துக்குப் போகின்றன. பின்சீட்டில் உட்கார்ந்து அமுக்கினாலும் கரண்ட் முன்கதவு வரைக்கும் போய்த்தான் வீடு திரும்ப வேண்டும். (இப்போதைய பல கார்களில் கதவுக்கொரு சின்னக் கணினி இருக்கிறது. அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.)

அப்படியானால், ஏற்றும்போது பாசிட்டிவ் போவது ஒரு ஒயரில், அதை 'ஏறு' ஒயர் என்று வைத்துக்கொள்வோம். திரும்புவது 'இறங்கு' ஒயரில். பின்சுவிட்சில் இறக்கும்போது பாசிட்டிவ் அங்கேயே கிடைத்துவிடுகிறது, திரும்புவது 'ஏறு' ஒயரில். அது நடக்கிறது, எனவே 'ஏறு' ஒயர் நலம். பின்சுவிட்சில் ஏற்றினால் 'இறங்கு' ஒயர் வழியாகத் திரும்ப வேண்டும். நடக்கவில்லை. ஓட்டுநர் சுவிட்சில் எதை அமுக்கினாலும் இரண்டு ஒயரும் வேண்டும், ஆகவே இரண்டுமே நடக்கவில்லை. 'இறங்கு' ஒயர்தான். பின்கதவுச் சுவிட்சுக்கும் ஓட்டுநர் சுவிட்சுக்கும் நடுவில் எங்கோ.

ஓட்டுநர் சுவிட்சுக்குள் கான்டாக்ட் தீய்ந்திருந்தால்? அதையும் யோசித்தேன். எர்த்தைத் தொடும் கான்டாக்ட் மட்டும் தீய்ந்திருந்தால் ஓட்டுநர் சுவிட்சில் இறக்கவாவது முடிந்திருக்கும், ஏனென்றால் இறக்கும்போது அந்த ஒயர் பாசிட்டிவ் பக்கத்துக் கான்டாக்டைத் தொடும். அதுவும் இல்லை. அப்படியானால் ஒயரேதான். இந்த இடத்துக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. எழுந்து போய் அப்பாவை எழுப்பிச் சொல்லலாம் போல இருந்தது.

காலையில் கதவைத் திறந்தோம். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் பின்கதவின் உள்பக்கப் பலகையை, அதாவது டோர் பேடை, எடுத்தேன். கைப்பிடிக் குழிக்குள் ஒரு திருகாணி, உள்தாழ்ப்பாளுக்குப் பின்னால் ஒன்று, பிறகு சுற்றிலும் கிளிப். இருபது வருடக் கிளிப் வெயிலில் காய்ந்து அப்பளமாகி இருக்கும். கீழ் ஓரத்திலிருந்து, கிளிப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் விரலைக் கொடுத்து நிதானமாக இழுக்க வேண்டும். இரண்டு உடைந்தது. புதுசு வாங்கி வைத்துக்கொண்டு இறங்குவது நல்லது.

பேட்டரியை மறுபடி மாட்டி, மோட்டாரில் ஒயர் சேரும் கப்ளரைக் கழற்றி, ஒயர் பக்கத்து இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வைத்தேன். அப்பா பின்சுவிட்சில் ஏற்றும் பக்கம் அமுக்கினார். 11.9 வோல்ட் காட்டியது. எனக்குக் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது. ஒயர் போயிருந்தால் இவ்வளவு வரக்கூடாதே! மோட்டார் வரைக்கும் கரண்ட் வருகிறது, அப்படியானால் மோட்டார்தான் போயிருக்கிறது என்றல்லவா ஆகிறது? அந்தப் பட்டறையிலும் இதே கணக்கைத்தான் போட்டிருக்க வேண்டும்.

காரைக்குடியில் எங்களுக்குப் பழக்கமான ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் இருக்கிறார். அம்பாசடர் டைனமோ காலத்திலிருந்து இந்த வேலையில் இருப்பவர். போன் செய்தேன்.

"மீட்டர நம்பாதீங்க ஆச்சி. பல்ப வச்சுப் பாருங்க. இண்டிகேட்டர் பல்பு இருக்குல்ல, 21 வாட்டு, அத ரெண்டு ஒயர்ல கட்டி மோட்டாருக்குப் பதிலா வைங்க. நல்லா எரிஞ்சா மோட்டாருல குத்தம். செவப்பா மினுங்குனா ஒயர்ல குத்தம்."

வைத்தேன். பல்பின் இழை கங்கு மாதிரிச் சிவந்தது, அவ்வளவுதான். வெளிச்சமே இல்லை.

மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே எடுக்காது. செம்பு இழைகள் எல்லாம் அறுந்து ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதற்கு முழு வோல்ட் தெரியும். வறண்ட வாய்க்காலில் ஒரு கோடு ஈரம் இருந்தாலும் 'தண்ணீர் வருகிறது' என்று சொல்வதைப் போல. 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். கண்ணாடி மோட்டாருக்கு இன்னும் பல மடங்கு வேண்டும். சுமை வைத்தால்தான் ஒயரின் லட்சணம் தெரியும். இவ்வளவு எளிய விஷயம் நாற்பது வருட அனுபவத்தில் அந்த அண்ணனிடம் இருந்தது.

அடுத்ததாக, நடுவில் 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த இரண்டு நீள ஒயரைப் பேட்டரியிலிருந்து இழுத்து வந்து மோட்டாருக்கு நேராகக் கொடுத்தேன். கண்ணாடி ஒரே மூச்சில் மேலே போய் நின்றது. பட்டறையில் கழற்றின பழைய மோட்டார் செய்தித்தாளில் சுற்றி டிக்கியிலேயே கிடந்தது. அதற்கும் கொடுத்துப் பார்த்தேன். கையில் பிடித்திருந்தபோதே ஒரு துள்ளுத் துள்ளிச் சுற்றியது. அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. துடைத்து, மறுபடி தாளில் சுற்றி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நீங்கள் மோட்டாரையோ மெஷினையோ கழற்றுவதாக இருந்தால் முதலில் கண்ணாடியை மேலே ஏற்றி, அகலமான டேப்பால் கதவுச் சட்டத்தோடு குறுக்கே இரண்டு மூன்று இடத்தில் ஒட்டிவிடுங்கள். கத்தரிக்கோல் மாதிரி விரியும் மெஷினாக இருந்தால் அதில் கண்ணாடியின் எடையைத் தாங்க ஒரு கனமான சுருள் ஸ்பிரிங் இருக்கும். மோட்டாரைக் கழற்றியதும் அந்தக் கை துள்ளி அடிக்கும். விரல் போய்விடும். அந்தக் கையைக் கட்டி நிறுத்தாமல் மோட்டாரின் போல்ட்டைத் தொடக்கூடாது.

ஒயர் எங்கே அறுந்திருக்கிறது? தரைவிரிப்புக்குக் கீழே அசையாமல் படுத்திருக்கும் ஒயர் சாதாரணமாக அறுவதில்லை. அசையும் இடத்தில்தான் அறும். கதவுக்கும் கார் பாடிக்கும் நடுவே துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் இருக்கிறதே, அதற்குள்தான் ஒயர்கள் ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் வளைந்து நிமிர்கின்றன. நாலு கதவில் அதிகம் திறந்து மூடுவது எது? ஓட்டுநர் கதவு.

பின்கதவில் மோட்டாருக்குப் பதிலாகப் பல்பு அப்படியே தொங்கியது. அப்பா ஏற்றும் பக்கம் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் முன்னால் போய் ஓட்டுநர் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். பாதி திறந்த இடத்தில், "எரியுது! எரியுது!" என்று அப்பாவின் குரல். இன்னும் ஒரு சாண் தள்ளினேன், அணைந்தது. திரும்ப இழுத்தேன், எரிந்தது. இடது பின்கண்ணாடியின் நோய் வலது முன்கதவின் கீல் பக்கத்தில் இருந்தது. ஒரு மூலைக்கும் எதிர் மூலைக்கும் இதைவிடத் தூரம் ஒரு காருக்குள் இல்லை.

எட்டு நாள் ஏன் ஓடியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. மோட்டார் மாற்றியபோது ஓட்டுநர் சுவிட்சையும் கழற்றிப் பார்த்ததாக அப்பா சொன்னார். அந்த அசைவில் அறுந்த நுனிகள் மறுபடி தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ரப்பர் துருத்தியைப் பின்னுக்குத் தள்ளினேன். ஒயர்களை ஒவ்வொன்றாக விரலில் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தேன். செம்பு முழுசாக இருந்தால் ஒயர் நீளாது. உள்ளே அறுந்திருந்தால் மேலுறை மட்டும் ரப்பர் மாதிரி நீண்டு கொடுக்கும். நீலத்தில் கறுப்புக் கோடு போட்ட ஒயர் நீண்டது. மேலுறையைக் கீறினேன். உள்ளே பச்சையாகக் களிம்பு. ஒரே ஓர் இழை மிச்சம்.

செம்பில் களிம்பு என்றால் எங்கள் பக்கத்தில் இரண்டு ஞாபகம் வரும். ஒன்று குன்றக்குடி. ஆதீனத்துச் சொற்பொழிவு கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ஆணவ மலம் உயிரைப் பற்றியிருப்பதற்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமை செம்பும் களிம்பும்தான். வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல, கூடவே இருப்பது என்பார்கள். இன்னொன்று காரைக்குடியின் சிக்ரி, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14இல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த இடம். உலோகம் அரிபடுவது பற்றிய ஆராய்ச்சி அங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அரிமானம் என்ற சொல்லே பள்ளிக்கூடச் சுற்றுலாவில் சிக்ரி போனபோது நான் கேட்டதுதான்.

ஈரமும் கரண்டும் சேர்ந்தால் செம்பு சும்மா கிடக்கும் செம்பைவிட வெகு வேகமாக அரிபடும். பாசிட்டிவ் பக்கத்து உலோகம் ஈரத்தில் கரைந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். மின்முலாம் பூசும் தொட்டியில் நடப்பதும் இதுதான், இங்கே நமக்கு வேண்டாத இடத்தில் நடக்கிறது. எங்கள் காரில் முதலில் வளைந்து வளைந்து சில இழைகள் அறுந்திருக்கின்றன. மேலுறையில் மயிரிழை வெடிப்பு. அதில் மழைத்தண்ணீர் இறங்கி, மிச்ச இழைகளைக் களிம்பு தின்றிருக்கிறது. வருடத்தில் பாதி நாள் கொட்டகையில் ஓடாமல் நிற்கும் காருக்கும் இது வரும். எங்கள் ஊர்களில் அப்படி நிற்கும் கார்கள் வீட்டுக்கு ஒன்று உண்டு. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும், கார் முகப்புக்குப் பக்கத்தில்.

சரிசெய்வதில் ஒரே ஒரு விஷயம் முக்கியம். ஒட்டுப் போடும் இடம் துருத்திக்குள் இருக்கக்கூடாது. ஈயம் வைத்துப் பற்றவைத்த இடம் கம்பி மாதிரி விறைத்துவிடும். அதை வளைக்க வளைக்க, ஈயம் முடிகிற ஓரத்தில் மறுபடி அறும். அதனால் கதவுக்கு உள்ளே ஓர் இடம், கால் வைக்கும் பக்கத்துப் பலகைக்குப் பின்னால் ஓர் இடம் என்று இரண்டு பக்கமும் தள்ளிப் போய் வெட்டி, நடுவில் அதே கனத்தில் மெல்லிய இழைகள் நிறைந்த புது ஒயரை வைத்தேன். பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, கதவு முழுசாகத் திறந்தாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டேன். பக்கத்திலிருந்த இன்னோர் ஒயரும் லேசாக நீண்டது, அதையும் மாற்றினேன். இரண்டின் ஒட்டும் ஒரே இடத்தில் வராமல் முன்னே பின்னே. குனிந்து குனிந்து இடுப்பு போய்விட்டது. துருத்தியைத் திரும்ப அதன் ஓட்டையில் உட்காரவைப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும்.

கப்ளரை மாட்டி அப்பா அமுக்கினார். ஏறியது, இறங்கியது. முன்னாலிருந்து நான் அமுக்கினேன். ஏறியது, இறங்கியது.

கை வைத்தது வைத்தாயிற்று என்று ஓட்டுநர் சுவிட்சையும் திறந்தேன். வெள்ளை வேட்டியை விரித்து அதன் மேல் வைத்துத்தான் திறக்க வேண்டும். உள்ளே கடுகளவு ஸ்பிரிங்குகள் இருக்கின்றன, தெறித்தால் ஆத்தங்குடித் தரையின் பூவேலைப்பாட்டில் தேடி எடுப்பது முடியாத காரியம். கான்டாக்டுகள் கறுத்திருந்தன. கண்ணாடி மேலே போய் முட்டியபிறகும் நாம் பொத்தானை அமுக்கிப் பிடிக்கிறோமே, அப்போது மோட்டார் சுற்ற முடியாமல் பல மடங்கு கரண்ட் இழுக்கும். விரலை எடுக்கிற கணத்தில் சுவிட்சுக்குள் பொறி பறக்கும். பல மோட்டார்களில் சூடானால் தானே துண்டித்துக்கொள்ளும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. வெயிலில் நின்றுபோய், ஆறினபிறகு தானாக ஓடும் கண்ணாடிகளுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். கான்டாக்ட் கிளீனர் அடித்து, அழிரப்பரால் தேய்த்தேன். நுண்ணிய உப்புத்தாள் இரண்டே இழுப்பு, அதற்கு மேல் தேய்த்தால் மேற்பூச்சு போய்விடும்.

அந்தச் சுவிட்சைக் கையில் வைத்திருந்தபோது இன்னொன்று தோன்றியது. பழைய கார்களில் பொத்தான் ஏற்றம் மாதிரி இரண்டு பக்கமும் ஆடும் வகை. பின்சீட்டில் முட்டி போட்டுத் தலையை வெளியே நீட்டுகிற குழந்தையின் முழங்கால் அதில் பட்டால் கண்ணாடி கழுத்தை நோக்கி ஏறும். இதனால்தான் பிற்பாடு வந்த கார்களில் விரலால் தூக்கினால் மட்டும் ஏறும்படி பொத்தானை மாற்றினார்கள். எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் வரும்போது லாக் பொத்தான் அமுங்கித்தான் இருக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

முன் இடது கண்ணாடி ஏறுவதற்கு ஒன்பது நொடி எடுத்தது. அதன் கதை வேறு. 2012இல் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் கூடாது என்றபோது நாங்களும் பிளேடு வைத்துச் சுரண்டி எடுத்தோம். ஓரங்களில் பசை நின்றுவிட்டது. கண்ணாடி ஓடும் ரப்பர் பீடிங்கில் அந்தப் பசை, அதன் மேல் எங்கள் ஊர்ச் செம்மண், அதன் மேல் 'வழுக்கட்டும்' என்று அப்பா விட்ட தேங்காய் எண்ணெய். மூன்றும் சேர்ந்து சாந்தாகியிருந்தது. எண்ணெயும் கிரீஸும் அங்கே ஆகாது. தூசியைப் பிடித்து வைக்கும், ரப்பரையும் கெடுக்கும். ஈரத்துணியை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் சுற்றிப் பள்ளம் முழுக்கத் துடைத்து, காய்ந்தபின் சிலிக்கான் ஸ்பிரே மட்டும் அடித்தேன். ஐந்து நொடியில் ஏறுகிறது இப்போது. இந்த வேலைக்குக் கதவைத் திறக்கவே வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை செய்தால் மோட்டார் குறைந்த சுமையில் பிழைத்துக்கொள்ளும்.

கடைசியாக, மூடுவதற்கு முன்பு கவனித்த ஒன்று. டோர் பேடுக்குப் பின்னால் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தாள் இல்லை. எப்போதோ கிழித்தவர்கள் திரும்ப ஒட்டவில்லை. அது சும்மா ஒரு தாள் என்று நினைத்திருப்பார்கள்.

செட்டிநாட்டு வீட்டில் பிறந்தவர்களுக்குக் கார் கதவை விளக்குவது சுலபம். எங்கள் வீடு மழையை வெளியே நிறுத்துவதில்லை. நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் நடுமுற்றமான வளவு வாசலில் விழும், அங்கிருந்து வாரியில் ஓடி வெளியே போகும், கடைசியில் ஊருணியைச் சேரும். வளவைச் சுற்றின அறைகளுக்குள் ஒரு சொட்டு வராது. கார் கதவும் அப்படித்தான் கட்டியிருக்கிறது. கண்ணாடிக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே மழைத்தண்ணீர் இறங்கத்தான் செய்யும். இறங்கி, கதவின் அடியில் இருக்கும் சின்னத் துவாரங்கள் வழியாக வெளியேற வேண்டும். அந்தத் தாள்தான் வளவுக்கும் அறைக்கும் நடுவிலுள்ள சுவர். தாள் இல்லையென்றால் தண்ணீர் சுவிட்சுக்கும் கப்ளருக்கும் வரும். துவாரம் அடைத்திருந்தால் கதவுக்குள்ளேயே நிற்கும்.

எங்கள் கதவில் துவாரம் மூன்றும் செம்மண்ணால் அடைத்துக் கெட்டித்திருந்தன. ஈர்க்குச்சியால் குத்திவிட்டேன். மண் கட்டி கட்டியாக உதிர்ந்தது. கனமான பாலித்தீன் தாளைக் கதவின் அளவுக்கு வெட்டி, சுற்றிலும் பியூட்டைல் டேப் வைத்து ஒட்டினேன். கீழ்விளிம்பை மட்டும் கதவுக்கு உள்பக்கமாகச் செருக வேண்டும், தாளில் வழியும் நீர் உள்ளே போய் விழுவதற்காக. மற்ற மூன்று கதவுக்கும் அடுத்த நாள் இதே வேலை செய்தோம். அப்பா துவாரம் குத்தினார்.

சஷ்டியன்று சாயங்காலம் குன்றக்குடிக்குக் கிளம்பினோம். மலை ஏற அப்பத்தாவுக்கு இப்போது முடிவதில்லை, அடிவாரத்திலிருந்தே சண்முகநாதரைக் கும்பிடுவார். கதவைச் சாத்தியதும் "எறக்கவா அப்பத்தா?" என்று முன்னாலிருந்து கேட்டேன்.

"நீ இரு ஆத்தா, நானே பாக்குறேன்" என்றார். பொத்தானில் விரலை வைத்தார், எடுத்தார். கொஞ்சம் கூட இறங்கிவிட்டது. மறுபடி தொட்டு ஒரு விரல் ஏற்றினார். பிறகு நாலு விரலையும் ஒட்டினாற்போல் வைத்து இடைவெளியை அளந்து பார்த்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. அவரே ஏற்றிக்கொண்டார். வீட்டு வாசலில் இறங்கியதும் நான் குடையோடு காரின் இடது பக்கம் போய்க் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கதவின் அடியில் மூன்று இடத்தில், செம்மண் கலந்த தண்ணீர் சீராகச் சொட்டிக்கொண்டிருந்தது.